ஒன்பதாவது கட்டத்தில் டீச்சர் மாற்றிப் போட்டது

தம்பிகளே, போன வாரம் உங்கள் ஒத்திகைக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், தாளைத் தூக்கிக் காட்டி, "அண்ணாச்சி, இந்தப் பன்னெண்டு கட்டம் சும்மா கெடக்கே, இதுல என்னத்த வாசிக்க?" என்று கேட்டார். தாளக் கணக்குக்குக் கோடு போட்ட கட்டங்களில் ஸி, எஃப், ஜி என்று மூன்று எழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. பக்கத்தில் இருந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து நீட்டினார். "இதுல ஒருத்தன் வாசிச்சிருக்கான். அப்படியே பாடம் பண்ணிரு, முடிஞ்சு போச்சு." கேட்டவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு மலரவில்லை. கேசட் என்ற சாமான் பிறப்பதற்கு முன்பே அந்த வேலையைச் செய்து பார்த்தவன் நான்.

அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடைசியில் தெளிவாக ஒரு பாடம் கிடைக்கும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். எனக்கே இன்னும் தெளியவில்லை.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதற்கு அடுத்த வருடம். எனக்கு இருபத்து நான்கு வயது. தூத்துக்குடியில் மாதா கோயில் பேண்டில் முதல் கிளாரினெட் நான்தான். திருநாளுக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு எல்லாவற்றுக்கும் நாங்கள் வாசிப்போம். அதைவிட எனக்குப் பெருமையான வேலை இன்னொன்று இருந்தது. நோட்டு எழுதுவது நான். வெளியூர் பேண்டு ஒன்று புது மார்ச் வாசித்துக்கொண்டு தெருவில் போனால், இரண்டு தடவை கேட்டால் போதும், வீட்டுக்கு வந்து பத்துப் பேருக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுத்துவிடுவேன். அதை யாரும் களவு என்று சொன்னதில்லை. எழுதினவன் கெட்டிக்காரன், வாசிக்கிறவன் புண்ணியவான், அவ்வளவுதான். தாளில் இல்லாததை வாசித்தால் பிழை, தாளில் இருப்பதை விட்டாலும் பிழை. உலகம் எனக்கு மிகத் தெளிவாக இருந்தது.

கடற்கரைச் சாலையில் கப்பல்காரர்களுக்கென்று ஒரு மன்றம் இருந்தது. கப்பல்கள் எல்லாம் தூரத்தில் நடுக்கடலில்தான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை லாஞ்சில் கரைக்கு வருகிறவர்கள் தேநீர் குடித்து, ஆட வருகிற ஒன்றிரண்டு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரக் குடும்பத்துப் பெண்களோடு நடனம் ஆடிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்புவார்கள். அங்கே வாசிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நானும், கோயில் பேண்டில் டிரம் அடித்த என் மச்சானும் போனோம். மச்சான் பகலில் தோணிக்குச் சரக்கு ஏற்றுகிறவர். பியானோவில் டீச்சர் இருந்தார்.

டீச்சர் என்றால் வயதானவர் என்று நினைக்காதீர்கள். என்னைவிட மூன்று வயது சின்னவர். எங்கள் ஊர்க் குடும்பம்தான், ஆனால் வியாபாரத்துக்காகக் கொழும்பில் போய் இருந்தவர்கள். அங்கே கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். குண்டு விழுந்ததும் இரண்டு பெட்டியோடு தோணி ஏறி வந்துவிட்டார்கள். பேச்சில் கொழும்பும் தூத்துக்குடியும் கலந்து வரும். அவர் அத்தை ஒருவர் துணைக்கு வந்து, நாங்கள் வாசிக்க வாசிக்க மூலையில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார். பியானோ வாசித்துப் பிழைக்க வேண்டும் என்பதுதான் டீச்சருக்கு ஆசை. பெண்பிள்ளை மன்றத்தில் வாசிக்கிறாள் என்று ஊர் பேசுகிறது என்பது அவர் அப்பாவுக்குக் கவலை. கடைசியில் அப்பா ஒரு கெடு வைத்தார். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்குள் ஏதாவது ஒரு ஊரில் ஒழுங்கான வேலை கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் தவக்காலத்தோடு பியானோவை மூடிவிட வேண்டியது, ஈஸ்டர் பாஸ்காவுக்குப் பிறகு கல்யாணம். மாப்பிள்ளையையும் பார்த்தாகிவிட்டது. டீச்சர் சரி என்று தலையாட்டியிருந்தார்.

நாங்கள் வாசித்த அந்தச் சங்கீதத்துக்கு ஜாஸ் என்று பெயர் என்பதே எனக்குத் தெரியாது. கப்பல் பாட்டு என்போம். முதல் ஒத்திகையில் டீச்சர் தாளைக் கொடுத்தார். பன்னிரண்டு கட்டம், அதில் மூன்றே மூன்று கார்டு, அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கிற சுரக்கொத்து. மற்றதெல்லாம் வெள்ளைத்தாள்.

"டீச்சர், மறந்துட்டீகளா? எனக்குள்ளத எழுதலையே" என்றேன்.

"மறக்கல்ல அண்ணே. நான் கார்டு போடுவன், மேல நீங்க உங்களுக்குத் தோணுறத வாசிங்க."

"என்ன தோணணும்?"

மச்சான் சிரித்து உருண்டார். டீச்சர் சிரிக்கவில்லை. பொறுமையாக வாசித்துக் காட்டினார். இடது கை அந்த மூன்று கார்டையே சுற்றிச் சுற்றி வந்தது. வலது கை எங்கெங்கோ போய், கீழே விழப்போகிறது என்று நான் பயந்த இடத்தில் வந்து சேர்ந்துகொண்டது. முடித்துவிட்டு, "விளங்குதா?" என்றார். விளங்கியது என்று சொல்லிவிட்டேன். "ஒண்டு மட்டும் ஞாபகம் வச்சுக்கொள்ளுங்க. இண்டைக்கு வாசிச்சத நாளைக்கு வாசிக்கக் கூடாது" என்றார். அத்தோடு என் தலை சுற்றத் தொடங்கியது. இன்றைக்குச் சரியாக வாசித்துவிட்டால் நாளைக்கு ஏன் அதை வாசிக்கக் கூடாது? தாளே இல்லாத இடத்தில் பிழை என்று எதைச் சொல்வது? பிழையே இல்லை என்றால் சரி மட்டும் எங்கிருந்து வரும்?

சிவன் கோயில் நாகசுரக்காரர் ஒருவரைச் சந்தைப்பேட்டையில் பிடித்து, தாள் இல்லாமல் மணிக்கணக்காக எப்படி வாசிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தாள வச்சுக்கிட்டு எப்படிவே வாசிக்கிய?" என்று திருப்பிக் கேட்டார். இருவரும் ஒருவருக்கொருவர் பரிதாபப்பட்டுப் பிரிந்தோம்.

ஒரு மாதம் திண்டாடினேன். டீச்சர் கண்ணைக் காட்டியதும் மார்ச்சில் இருக்கிற ஏதாவது துண்டை எடுத்து விடுவேன். அது பாதியில் கார்டோடு முட்டிக்கொண்டு நிற்கும். அப்போதுதான் அந்தக் குறுக்குவழி கண்ணில் பட்டது. ஒத்திகை முடிந்து நான் கிளாரினெட்டைத் துடைத்து உறையில் போடும்போது டீச்சர் தனக்காகக் கொஞ்சம் வாசிப்பார். அந்த மூன்று கார்டுதான், ஆனால் கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும். கேட்டேன். வீட்டுக்குப் போய் எழுதினேன். மூன்று சுற்று, முப்பத்தாறு கட்டம். ஆள் நடமாட்டம் இல்லாத உப்பளக் கரையில் நின்று மனப்பாடம் செய்தேன். பழைய உலகம் திரும்பக் கிடைத்த சந்தோஷம் எனக்கு. ஒத்திகையில் மட்டும் அதை வாசிக்கவில்லை. நல்ல நாளில் வாசித்து டீச்சரை அசத்த வேண்டும் என்று ஆசை. சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

சாம்பல் புதனுக்கு முந்தின சனிக்கிழமை பம்பாயிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார். ஓட்டல் ஒன்றில் பேண்டு நடத்துகிற கோவாக்காரர். முன்பு அவர் கொழும்பில் விட்டுவிட்டு வந்த வாத்தியப் பெட்டிகள் தோணியில் வந்து சுங்கச் சாவடியில் மாட்டிக்கொண்டிருந்தன. அவற்றை மீட்டுக்கொண்டு செவ்வாய்க்கிழமை பிற்பகல் ரயிலில் திரும்புவதாக இருந்தார். அவருடைய பியானோக்காரன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான் என்றும், கிளாரினெட்டுக்கும் ஆள் தேடுகிறார் என்றும் மன்றத்தில் சொன்னார்கள். டீச்சர் என்னிடம் வந்து, "அண்ணே, நாளைக்கு அவர் கேட்க வாறார். நீங்க முதல்ல மூன்று சுற்று எடுங்க, பிறகு நான் எடுக்கிறன். எனக்கு இந்த ஒரு நாள்தான்" என்றார். கவலைப்படாதீர்கள் என்று சொன்னேன். நல்ல நாள் வந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம்.

ஞாயிறு நான்கு மணிக்குத் தொடங்கினோம். டீச்சர் பாட்டை ஒரு சுற்று வாசித்துவிட்டு எனக்குக் கண் காட்டினார். நான் முப்பத்தாறு கட்டத்தையும் சிந்தாமல் சிதறாமல் கொட்டினேன். ஒரு சுரம் பிசகவில்லை. முதல் சுற்றிலேயே டீச்சர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னும் பலமாக ஊதினேன். பிறகு அவர் முறை வந்தது. டீச்சர் வெறும் கார்டை மட்டும் போட்டார். ஸி, எஃப், ஜி. வலது கை எழும்பவே இல்லை. மூன்று சுற்றும் அப்படியே போனது. கோவாக்காரர் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்.

முடிந்ததும் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். அவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார். எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். "இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்கிறாய்? செவ்வாய்க்கிழமை என்னோடு பம்பாய்க்கு வா." டீச்சரைப் பார்த்து, "நல்ல நிதானமான கை. பள்ளிக்கூடத்துக்குப் பொருத்தம்" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. உச்சி குளிர்ந்து நின்றேன். மச்சான்தான் என்னைக் கதவுப் பக்கம் இழுத்துப்போய், "ஏலே, அவுக மொகத்தப் பாத்தியால? என்னலே செஞ்ச?" என்றார்.

டீச்சர் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அத்தை. நான் போய், "டீச்சர், அது நீங்க வாசிச்சதுதான். எழுதி வச்சிருந்தேன். களவாங்கணும்னு செய்யல" என்றேன்.

"எடுத்ததுக்கு இல்ல அண்ணே" என்றார். "நானும் பாதிய ரெக்கார்டுல கேட்டுத்தான் எடுத்தன். ஒன்பதாவது கட்டத்துல கார்ட மாத்திப் போட்டன், கவனிச்சீங்களா?"

"ஒன்பதாவதுலயா?" என்றேன்.

"ரெண்டாவது சுற்றுலயும் போட்டன், மூன்றாவதுலயும் போட்டன். இந்த ஆள் முழிச்சுக்கொள்ளட்டும், என்னைப் பார்க்கட்டும்னு போட்டன். நீங்க சுவருக்குப் பக்கத்துல நிண்டு வாசிக்கிற மாதிரி வாசிச்சீங்க. என்ட முறை வந்தப்போ கை மரத்துப் போச்சு. என்ட கையில இருந்ததெல்லாம் உங்க வாயால வந்திட்டு. திரும்ப அத வாசிச்சா, உங்களப் பார்த்து நான் வாசிக்கிறன்னு அவர் நினைப்பார். வேற ஒண்டும் வரல்ல." அத்தையோடு நடந்துவிட்டார்.

எனக்கு இருந்த குழப்பத்தைக் கேட்காதீர்கள். களவு என்று திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். பிழையாக வாசித்தாய் என்று சொல்லியிருந்தால் திருத்தியிருப்பேன். ஒரு சுரம் பிசகாமல் வாசித்ததுதான் குற்றம் என்றால் என்ன செய்வது? ஒளிப்பானேன், அதற்கு நடுவிலும் எனக்குப் பம்பாய் வேண்டியிருந்தது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு டிரங்குப் பெட்டியைத் தட்டித் துடைக்க ஆரம்பித்தாள்.

திங்கள்கிழமை என்னால் இருக்க முடியவில்லை. சுங்கச் சாவடிக்குப் போனேன். அங்கே கோவாக்காரர் பெட்டிகளுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "சார், டீச்சருக்கு நேற்றுக் காய்ச்சல். இன்னொரு தடவை கேளுங்கள்" என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, இந்தப் பொய்தான் வந்தது. அவர் எரிச்சலோடு, "நாளை பதினொரு மணிக்கு. பத்து நிமிடம்" என்றார்.

டீச்சர் வர மறுத்தார். மச்சான்தான் மசிய வைத்தார். "டீச்சர், பொதங்கிழம எப்படியும் பியானோப் பெட்டிய மூடத்தான் போறாக. செவ்வாக்கிழம சும்மா இருந்து என்ன செய்யப் போறீக?" டீச்சர், "அவர் எழுதின அந்தத் தாளக் கொண்டு வரச் சொல்லுங்க" என்றார்.

கொண்டு போனேன். டீச்சர் அதைப் பியானோ ஸ்டூலில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். "இண்டைக்கு உங்களுக்குத் தெரிஞ்ச எதையும் வாசிக்கக் கூடாது" என்றார். வெளியே குதிரை வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கோவாக்காரர் உட்காரக்கூட இல்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் முறை வந்தது. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. முதல் நான்கு கட்டம் கிளாரினெட்டை வாயில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். சும்மா நின்றதால் டீச்சரின் இடது கை காதில் விழுந்தது. ஒன்றரை மாதமாகப் பக்கத்தில் நின்றும் அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஐந்தாவது கட்டத்தில் கார்டு மாறியபோது, கரையிலிருந்து வள்ளத்தில் கால் வைத்தது போலக் காலடி அசைந்தது. பயந்துபோய் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பதாவது கட்டம். டீச்சர் கார்டை மாற்றிப் போட்டார். நான் பிடித்திருந்த சுரம் அதேதான், ஆனால் வேறு சுரமாகக் கேட்டது. அழுகிற மாதிரி இருந்தது. என்ன நடந்தது என்று புரியாமல் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் முதல் தடவையாகச் சிரித்தார்.

அதற்குப் பிறகு நான் வாசித்ததை வாசிப்பு என்று சொல்ல முடியாது. தடுக்கி விழுந்தேன், எழுந்தேன், ஒரு இடத்தில் கிளாரினெட்டின் நாணல் நாக்கு கீச்சென்று அலறியது. நான் எங்கே தவறி விழுந்தாலும் டீச்சர் அதற்குக் கீழே ஒரு கார்டைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு தன் முறையை எடுத்தார். நான் கடைசியில் தடுமாறிய மூன்று சுரத்தையே எடுத்துக்கொண்டு தொடங்கினார். மூன்று சுற்று, ஐந்து சுற்று என்று போய்க்கொண்டே இருந்தது. அத்தை ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டார். கோவாக்காரர் கடிகாரத்தை மறந்து பியானோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். "ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றின மாதிரி வாசித்தாய். இன்றைக்குத் திக்குகிறாய். உனக்கும் காய்ச்சலா?"

கேலியாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். தலையை ஆட்டினால் போதும். வீட்டில் பெட்டி கட்டியாகிவிட்டது. மச்சான் டிரம் குச்சியைப் பிடித்தபடி என் வாயையே பார்த்தார். டீச்சர் பார்க்கவில்லை.

"காய்ச்சல் இல்ல சார்" என்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். "ஞாயித்துக்கிழம நீங்க கேட்டது டீச்சரோடது. நான் எழுதி மனப்பாடம் பண்ணுனது. என்னோடது இன்னைக்குக் கேட்டதுதான்."

டீச்சர் எழுந்து ஸ்டூலில் இருந்த தாளை எடுத்து அவரிடம் கொடுத்தார். அவர் அதைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "உட்காருங்கள். பி ஃபிளாட் சுருதியில் வாசியுங்கள்" என்றார். பிறகு வேறொன்று, பிறகு மெதுவாக ஒன்று. வண்டிக்காரர் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் குதிரையை அவிழ்த்துவிட்டார். பிற்பகல் ரயில் கோவாக்காரரை ஏற்றாமலே போனது.

மறுநாள் கோவாக்காரர், நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்த டீச்சரின் அப்பாவை வீட்டிலேயே போய்ப் பார்த்தார். அப்பா முகத்தைச் சுளித்தார், ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை. பாஸ்காவுக்குப் பிறகு டீச்சர் அத்தையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பம்பாய்க்குப் போனார். என்னிடம் கோவாக்காரர் போகும்போது கைகுலுக்கி, "உன் கையெழுத்து மிக அழகாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

அந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது சாமியாரிடம் இதைச் சொன்னேன். "அது முதலில் எங்காவது எழுதப்பட்டிருந்ததா?" என்று கேட்டார். இல்லை, நான்தான் எழுதினேன் என்றேன். "அப்படியானால் யாரிடமிருந்து எடுத்தாய்?" என்றார். காற்றிலிருந்து என்று சொல்ல வாயெடுத்து, டீச்சரிடமிருந்து என்றேன். அவருக்கும் குழப்பமாக இருந்திருக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று பரிகாரமாக மாதாவுக்கு மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார்.

ஆகவே தம்பி, கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று நான் சொல்ல வரவில்லை. கேள், எழுது, பாடம் பண்ணு. ஆனால் மேடையில் அந்தப் பன்னிரண்டு கட்டம் வரும்போது பக்கத்தில் ஒருவர் உனக்காகக் கார்டு போட்டுக்கொண்டிருப்பார். அவர் என்ன போடுகிறார் என்று பார். ஒன்றும் தோன்றாவிட்டால் நான்கு கட்டம் சும்மா நில், யாரும் சாகமாட்டார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைப்பது சரியில்லை. "ஆமாம் சார், லேசாகக் காய்ச்சல்" என்று அன்று சொல்லியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று இப்போதும் சில நாள் தோன்றும். டீச்சரை அவர் எப்படியும் கூட்டிப் போயிருப்பார், அவர் வாசிப்பைத்தான் கேட்டுவிட்டாரே. நானும் கூடப் போயிருப்பேன். அப்படி நினைத்துக்கொண்டே ரயில் ஏறி, பம்பாயில் இறங்கி, மேடையில் போய் நின்று, முப்பத்தாறு கட்டத்தையும் வாசித்து முடிப்பேன். முப்பத்தேழாவது கட்டத்தில் என்ன வாசித்திருப்பேன் என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.